பழைய பைக்ல இண்டிகேட்டர் இல்லையா? திரும்ப மாட்டுறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்டி வாங்குற நிறைய பேருக்கு இண்டிகேட்டர் இல்லாமதான் வண்டி கைக்கு வருது. முன்னாடி வச்சிருந்தவர் அழகுக்குன்னு கழட்டிருப்பார், இல்ல வண்டி கீழ விழுந்து ஒடஞ்சு போயி அப்படியே விட்டிருப்பார். எனக்கு வந்த வண்டியில நாலுமே இல்ல, ஹெட்லைட்டுக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை மட்டும் இருந்துச்சு. அத சரி பண்றதுக்குள்ள கத்துக்கிட்டதும், அதுக்கப்புறம் மத்தவங்க வண்டிக்கு மாட்டிக் குடுத்தப்போ திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகளும் இங்க இருக்கு.

பழைய வண்டிதானே, கையக் காட்டிட்டு போயிடலாமே, எதுக்கு இவ்வளவு வேலை?

கை காட்டுறது தப்பில்ல, இண்டிகேட்டர் போட்டாலும் நான் கை காட்டுவேன். ஆனா திரும்புற நேரத்துலதான் ஒரு கைக்கு கிளட்ச், இன்னொரு கைக்கு பிரேக்கு வேணும். மழையிலயும் இருட்டுலயும் உங்க கை யாருக்கும் தெரியாது. இண்டிகேட்டர் இல்லாம ஓட்டுன காலத்துல ஒரு சாயங்காலம், நான் கை காட்டிட்டு திரும்புறேன், பின்னாடி வந்த கார் என்ன ஓவர்டேக் பண்ண ஏறி வந்துட்டு, கண்ணாடி ஹாண்டில்ல உரசிட்டு போச்சு. அவர் மேல தப்பு சொல்ல முடியல, அவருக்கு தெரியவே இல்ல. அன்னைக்கு முடிவு பண்ணதுதான்.

சட்டப்படி பழைய வண்டிக்கு கட்டாயமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவுல 1973 ஜனவரி 1-லேருந்து தயாரான மோட்டார்சைக்கிளுக்கு கட்டாயம். பிரிட்டன்ல 1986 ஆகஸ்ட் 1-க்கு முன்னாடி ரோட்டுக்கு வந்த வண்டிக்கு வருஷ சோதனையில இண்டிகேட்டர் கேக்க மாட்டாங்க. உங்க ஊர் சட்டத்த ஒரு தடவ பாத்துக்கோங்க. கட்டாயம் இல்லன்னாலும் மாட்டுங்கன்னுதான் நான் சொல்வேன்.

முதல்ல எத வாங்கணும்?

எதுவும் வாங்காதீங்க. எல்லாரும் பண்ற தப்பு இதுதான், நாலு லைட்ட வாங்கிட்டு வந்து மாட்டிட்டு, எரியலன்னதும் லைட்டு மட்டம்னு திட்டுறது. லைட்டு மாட்டுறது அரை மணி நேர வேலை, அதுக்கு பின்னாடி இருக்குற வயரு, எர்த்து (கரண்டு பேட்டரிக்கு திரும்பிப் போற வழி), பிளாஷர் (லைட்ட விட்டு விட்டு எரிய வைக்கிற சின்ன டப்பா), சுவிட்சு, இதுலதான் ஒரு நாள் போகும். அதனால மொதல்ல வண்டியில என்ன மிச்சம் இருக்குன்னு பாருங்க.

பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டான்னு பாருங்க, தண்ணி ஊத்துற பேட்டரின்னா மூடிய எண்ணுனா போதும், மூணு இருந்தா 6 வோல்ட், ஆறு இருந்தா 12. அப்புறம் ஹெட்லைட்ட கழட்டி உள்ள பாருங்க, நிறைய வண்டியில முன் இண்டிகேட்டர் வயர் அந்த குடத்துக்குள்ளதான் சுருட்டி டேப் அடிச்சு கெடக்கும். பின்னாடி சீட்டுக்கு கீழயோ மட்கார்டுக்கு உள் பக்கமோ இருக்கும். தொடுறதுக்கு முன்னாடி போன்ல நாலஞ்சு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பழைய வயர் கைபட்டாலே கழண்டு வரும், எது எங்க இருந்துச்சுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது.

எந்த கலர் வயர் எதுக்கு?

ஜப்பான் வண்டிகள்ல ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம் இருக்கு. ஹோண்டாவுல இடது பக்கம் ஆரஞ்சு, வலது பக்கம் லைட் ப்ளூ, எர்த் பச்சை. யமஹாவுல இடது டார்க் பிரவுன், வலது டார்க் கிரீன், எர்த் கருப்பு. சுசுகியில இடது கருப்பு, வலது லைட் கிரீன், எர்த் கருப்புல வெள்ளக் கோடு. கவாசாகியில இடது பச்சை, வலது சாம்பல், எர்த் கருப்புல மஞ்சக் கோடு. பாருங்க, ஹோண்டாவுல பச்சைன்னா எர்த்து, கவாசாகியில பச்சைன்னா இடது இண்டிகேட்டர், யமஹாவுல கருப்புன்னா எர்த்து, சுசுகியில கருப்புன்னா இடது. ஒரு வண்டியில கத்துக்கிட்டத இன்னொரு வண்டியில கண்ண மூடிட்டு பண்ணா ஷார்ட்தான்.

இதெல்லாம் பொதுவான வழக்கம், சில மாடல்ல மாறும். அதோட முப்பது வருஷத்துல எத்தன பேர் கை வச்சாங்களோ தெரியாது. அதனால கலர பாத்துட்டு, வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் வச்சும் உறுதி பண்ணிக்கோங்க.

வயர் நல்லா இருக்கான்னு எப்படி சோதிக்கிறது? லைட்டே இல்லையே?

ஒரு 21 வாட் பல்பு எடுத்து, அதுல ரெண்டு வயர் சால்டர் பண்ணி, முனையில கிளிப் போட்டு வச்சுக்கோங்க. இது மல்டிமீட்டர விட நல்ல சோதனை. ஏன்னா உள்ள அழுகிப் போயி ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிட்டு இருக்குற வயர்லயும் மீட்டர் 12 வோல்ட்னுதான் காட்டும், மீட்டர் கரண்டே இழுக்காது இல்லையா. பல்ப மாட்டுனா மங்கலா எரியும், இல்ல எரியவே எரியாது, அப்ப வண்டவாளம் தெரிஞ்சிடும்.

சோதிக்கும்போது பிளாஷர கழட்டிட்டு, அது சொருகியிருந்த ரெண்டு வயரையும் ஒரு துண்டு வயரால சேத்துடுங்க. மூணு பின் பிளாஷரா இருந்தா எர்த் வயர விட்டுட்டு மத்த ரெண்ட மட்டும் சேக்கணும், எர்த்தோட சேத்தீங்கன்னா ஃபியூஸ் போகும். இப்ப சாவிய ஆன் பண்ணி, சுவிட்ச இடது பக்கம் தள்ளி, உங்க டெஸ்ட் பல்போட ஒரு கிளிப்ப இடது வயர்லயும் இன்னொன்ன பேட்டரி நெகட்டிவ்லயும் மாட்டுங்க. பிளிங்க் ஆகாம தொடர்ந்து நல்ல வெளிச்சமா எரிஞ்சா பேட்டரியிலேருந்து அந்த முனை வரைக்கும் எல்லாம் சுத்தம். அடுத்து நெகட்டிவ் கிளிப்ப மட்டும் எடுத்து இண்டிகேட்டர் மாட்டப் போற இடத்துல இருக்குற எர்த் வயர்லயோ இரும்புலயோ வைங்க. வெளிச்சம் கொறஞ்சா எர்த் சரியில்ல.

எர்த் எர்த்துன்னு இவ்வளவு சொல்றீங்களே, அவ்வளவு பெரிய விஷயமா?

பழைய வண்டியில இண்டிகேட்டர் பிரச்சினையில பெரும்பாலும் இதுதான், என் அனுபவத்துல. பழைய இரும்பு தண்டு இண்டிகேட்டர்ல நிறையத்துக்கு ஒரே வயர்தான் வரும், எர்த்து தண்டு வழியா, பிராக்கெட் வழியா, சேசிஸுக்கு போகும். முன் பக்கம்னா அந்த கரண்டு ஹெட்லைட் பிராக்கெட்லேருந்து ஃபோர்க்குக்கு போயி, அங்கேருந்து ஸ்டீரிங் பேரிங் வழியாத்தான் சேசிஸுக்கு வரணும். பேரிங்ல கிரீஸ் இருக்கு, ஹாண்டில் திருப்பும்போது லைட்டு மங்குறதும் எரியுறதும் அதனாலதான். அதோட வண்டிய புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தாலோ பவுடர் கோட்டிங் பண்ணிருந்தாலோ அந்த வழி சுத்தமா அடைஞ்சு போயிருக்கும். ரப்பர் தண்டு இண்டிகேட்டர் மாட்டுனா சொல்லவே வேண்டாம், ரப்பர்ல எங்கேருந்து கரண்டு போகும்?

அதனால நாலு லைட்டுக்கும் தனித்தனியா எர்த் வயர் இழுத்துடுங்க. முன்னாடி ரெண்டு எர்த்தையும் ஹெட்லைட் குடத்துக்குள்ள ஒண்ணா சேத்து, அங்கேருந்து ஒரு வயர் மெயின் எர்த்துக்கோ பேட்டரி நெகட்டிவுக்கோ. பின்னாடியும் அதே மாதிரி. ஒரு மணி நேரம் கூட ஆகும், ஆனா அதுக்கப்புறம் பல வருஷத்துக்கு திரும்பிப் பாக்க வேண்டாம்.

பாசிட்டிவ் எர்த்னா என்ன?

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் நிறையத்துல பேட்டரியோட பாசிட்டிவ்தான் சேசிஸ்ல இருக்கும். சாதா பல்புக்கு கவலை இல்ல, எந்தப் பக்கம் குடுத்தாலும் எரியும். எல்இடிக்கும் எலக்ட்ரானிக் பிளாஷருக்கும் பாசிட்டிவ் நெகட்டிவ் முக்கியம், மாத்திக் குடுத்தா எரியாது, சிலது கெட்டே போயிடும். பேட்டரிய பாத்து, எந்த முனையிலேருந்து தடி வயர் சேசிஸுக்கு போகுதுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

சாதா பல்பு இண்டிகேட்டரா, எல்இடியா?

ஒரிஜினல் மாதிரி வேணும், வயரிங்ல கை வைக்க வேண்டாம்னா சாதா பல்பு. பழைய பிளாஷரோட ஒத்துப் போகும். 6 வோல்ட் வண்டிக்கும் எனக்கு இதுதான் நிம்மதி, 6 வோல்ட் எல்இடியும் பிளாஷரும் தேடிப் பிடிக்கிறது கஷ்டம்.

12 வோல்ட் வண்டியா இருந்து சார்ஜிங் கொஞ்சம் வீக்கா இருந்தா எல்இடி நல்லது. ஒரு பக்கம் ரெண்டு 21 வாட் பல்பு எரிஞ்சா 42 வாட், மூணரை ஆம்ப்ஸ். எல்இடின்னா ரெண்டும் சேந்தே சில வாட்தான் இழுக்கும். ஐடிலிங்ல நிக்கும்போது பழைய வண்டியில ஹெட்லைட்டு, பிரேக் லைட்டு, இண்டிகேட்டர் மூணும் சேந்து பேட்டரிய உறிஞ்சும், அங்க இந்த வித்தியாசம் தெரியும். ஆனா சின்னதா விரல் மொத்தத்துக்கு வர்ற எல்இடி நிறைய, நல்ல வெயில்ல பத்தடி தள்ளி நின்னு பாத்தா எரியுதான்னே தெரியல. லென்ஸ்ல ஒரு வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஈ எழுத்தும் பக்கத்துல நம்பரும் அச்சடிச்சிருந்தா அது ஐரோப்பிய அங்கீகாரம் வாங்குனது, அப்படிப்பட்டத வாங்குங்க.

பல்பு ஹோல்டர்ல உக்கார மாட்டேங்குது, ஏன்?

ஆரஞ்சு கண்ணாடி பல்புக்கு அடியில ரெண்டு பக்கமும் துருத்திட்டு இருக்குற குமிழ் நேரெதிரா இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். வெள்ள பல்புக்கு நேரெதிரா இருக்கும். லென்ஸ் ஆரஞ்சா இருந்தா வெள்ள பல்பு, லென்ஸ் வெள்ளையா இருந்தா ஆரஞ்சு பல்பு. மாத்தி மாட்டிடக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க, அழுத்தித் திணிக்காதீங்க.

எல்இடி மாட்டுனேன், பிளிங்க் ஆகாம அப்படியே எரியுது, இல்லன்னா படபடன்னு அடிக்குது.

பிளாஷர்தான் காரணம். பழைய ரெண்டு பின் பிளாஷருக்குள்ள ஒரு உலோகத் தகடு இருக்கும், பல்புக்கு போற கரண்டு அது வழியா போயி அத சூடாக்கும், சூடானா வளைஞ்சு கனெக்‌ஷன் விடும், ஆறுனா திரும்ப ஒட்டும். எல்இடி இழுக்குற கொஞ்ச கரண்டுல அது சூடே ஆகாது, அதனால எரிஞ்சுக்கிட்டே இருக்கும். கொஞ்சம் பிந்தி வந்த எலக்ட்ரானிக் பிளாஷர், லோடு (லைட்டு இழுக்குற கரண்டு) கொறஞ்சா ஒரு பல்பு ஃபியூஸ் போயிடுச்சுன்னு நெனச்சு வேகமா அடிக்கும்.

லோடு பாக்காத எல்இடி பிளாஷர் ஒண்ணு வாங்கி மாத்துறதுதான் சரியான வழி. மூணு பின் வந்தா, பி-ன்னோ 49-ன்னோ போட்டிருக்குறது சாவி வழியா வர்ற கரண்டு, எல்-னோ 49ஏ-ன்னோ போட்டிருக்குறது சுவிட்சுக்கு போறது, ஈ-ன்னோ 31-ன்னோ போட்டிருக்குறது எர்த். ரெண்டு பின்னா பி-யும் எல்-லும் மட்டும்.

ரெசிஸ்டர் போட்டு சரி பண்ணலாம்னு சில பேர் சொல்வாங்க. 6.8 ஓம் ரெசிஸ்டர் ஒரு பல்பு அளவுக்கு கரண்ட இழுத்து சூடாக்கி வீணாக்கும், கை வச்சா சுட்டுடும், பிளாஸ்டிக் பக்கத்துல இருந்தா உருகிடும். கரண்ட மிச்சம் பண்ணத்தானே எல்இடி போட்டோம்? எனக்கு இதுல உடன்பாடு இல்ல.

எல்இடி பிளாஷரும் போட்டாச்சு, இப்ப ஒரு பக்கம் போட்டா நாலும் சேந்து பிளிங்க் ஆகுது!

பயப்படாதீங்க, எதுவும் கெடல. ஸ்பீடு காட்டுற மீட்டர்ல ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே ஒரு இண்டிகேட்டர் பல்பு இருக்குற வண்டியில இது வரும். அந்த குட்டி பல்போட ஒரு முனை இடது லைன்ல, இன்னொரு முனை வலது லைன்ல இருக்கும். இடது போட்டா கரண்டு அந்த பல்பு வழியா போயி, வலது பக்கத்து பெரிய பல்போட இழை வழியா எர்த் ஆகும். அவ்வளவு சின்ன கரண்டுல 21 வாட் பல்பு எரியாது, அதனால இத்தன வருஷம் யாரும் கவனிக்கல. எல்இடிக்கு அந்த துளி கரண்டே போதும், எரிஞ்சுடும்.

ரெண்டு டயோடு (கரண்ட ஒரே திசையில மட்டும் விடுற சின்ன பார்ட்) வாங்குங்க, 1என்4007 போதும். இடது லைன்லேருந்து ஒரு டயோடு, வலது லைன்லேருந்து ஒரு டயோடு, ரெண்டும் மீட்டர் பல்போட ஒரே முனைக்கு வரணும், டயோடு மேல இருக்குற வெள்ளிக் கோடு பல்பு பக்கம் பாக்கணும். பல்போட இன்னொரு முனைய எர்த் பண்ணிடுங்க. பாசிட்டிவ் எர்த் வண்டின்னா டயோட திருப்பிப் போடணும். சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிடுங்க, கையளவு வேலைதான்.

சுவிட்ச் வேலை செய்யல, புதுசு போடணுமா?

பெரும்பாலும் வேண்டாம். வெயில்லயும் மழையிலயும் நின்ன வண்டியில உள்ள பித்தள காண்டாக்ட் பச்ச களிம்பு பிடிச்சிருக்கும், கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி ஆயிருக்கும். திறக்கும்போது உள்ள இருக்குறது வெளிய தெரியுற ஒரு பெரிய பாலிதீன் கவருக்குள்ள கையயும் சுவிட்சையும் விட்டு திறங்க. உள்ள கடுகு விட கொஞ்சம் பெருசா ஒரு குண்டும் அதுக்கு ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும், திறந்த உடனே தெறிச்சு ஓடும், தரையில விழுந்தா கெடைக்காது. எனக்கு அத தேடியே ஒரு ஞாயித்துக்கிழம போச்சு. காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ல தேச்சு, ரொம்ப நைசான எமெரி ஷீட்ல லேசா பளபளப்பாக்கி, துளி வாசலின் தடவி மூடிடுங்க.

வயரிங்கே இல்ல, எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டாங்க.

அப்ப உண்மையில வேலை சுலபம், பழசோட சண்ட போட வேண்டாம். சாவி சுவிட்சுக்கு அப்புறம் கரண்டு வர்ற ஒரு லைன் எடுத்து, 12 வோல்ட்டுக்கு 10 ஆம்ப்ஸ் ஃபியூஸ் வச்சு, பிளாஷருக்கு குடுங்க. பிளாஷர்லேருந்து சுவிட்சோட நடு வயருக்கு, அங்கேருந்து இடது ரெண்டுக்கு ஒரு லைன், வலது ரெண்டுக்கு ஒரு லைன். சாதா பல்புக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்க. 6 வோல்ட்ல அதே வாட்டுக்கு ரெண்டு மடங்கு கரண்டு போகும், அதனால இன்னும் தடிய வயரா போடுறது நல்லது, அரை வோல்ட் வழியில தொலைஞ்சாலே வெளிச்சம் நல்லா கொறஞ்சிடும்.

ஜாயிண்ட்ட முறுக்கி டேப் சுத்தாதீங்க. வெயில்ல டேப் பிசின் ஒழுகி, ஒரு வருஷத்துல பிரிஞ்சு வந்துடும். புல்லட் கனெக்டர (வயர் முனையில போடுற, சொருகிக் கழட்டுற உருண்டை முனை) கிரிம்ப் பண்ணி, அதாவது நசுக்கிப் பிடிக்க வச்சு, ஸ்லீவ் போடுங்க, நாளைக்கு லைட்டு ஒடஞ்சாலும் சொருகிக் கழட்டலாம்.

எங்க மாட்டணும், எவ்வளவு இடைவெளி?

ஐநாவோட 53-ம் ரெகுலேஷன் நிறைய நாட்டுல பின்பற்றுறாங்க. அதுபடி முன் ரெண்டு லைட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 240 மில்லிமீட்டர், பின்னாடி 180, தரையிலேருந்து உயரம் 350-லேருந்து 1200-க்குள்ள. நடுவுல ஹெட்லைட் எரியும்போது ஒட்டுனாப்புல இருக்குற இண்டிகேட்டர் அந்த வெளிச்சத்துலயே மறைஞ்சு போயிடும், அதனால தள்ளி இருக்குறதுதான் நல்லது.

வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டையோட விட்டத்த அளந்துக்கோங்க. தண்டு மரை 8 மில்லிமீட்டரும் வரும் 10-ம் வரும். ஓட்டை பெருசா இருந்தா வாஷரும் ரப்பர் புஷ்ஷும் போட்டு ஈடு கட்டலாம். வயர் தண்டுக்கு நடுவுல வரும், அதனால ஸ்பிரிங் வாஷரையும் நட்டையும் மொதல்ல வயர்ல கோத்துட்டு அப்புறம் கனெக்டர் அடிங்க, இத மறந்துட்டு கனெக்டர வெட்டி திரும்ப அடிக்காதவங்க கம்மி. தண்டு குழாய்ங்கிறதால ரொம்ப இறுக்குனா முறிஞ்சிடும், அளவா இறுக்கி மரைக்கு லாக் பசை ஒரு சொட்டு விடுங்க.

எல்லாம் மாட்டியாச்சு, கடைசியா என்ன பாக்கணும்?

ஹாண்டில இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் திருப்பி, எங்கயும் வயர் இழுக்குதா, ஸ்டீரிங் ஸ்டாப்புல நசுங்குதான்னு பாருங்க. இஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்ல விட்டு, ஹெட்லைட்டும் போட்டு, பிரேக்கும் பிடிச்சு, ஒரு நிமிஷத்துக்கு எத்தன தடவ மின்னுதுன்னு எண்ணுங்க. 60-லேருந்து 120-க்குள்ள இருந்தா சரி, 80, 90 பக்கம் இருந்தா கண்ணுக்கு நல்லா இருக்கும். அப்புறம் யாரையாவது சீட்டுல உக்கார வச்சு சுவிட்ச போடச் சொல்லிட்டு, நீங்க வெயில்ல ஒரு இருபது முப்பது அடி பின்னாடி போயி கார் ஓட்டுறவர் கண்ணு உயரத்துல நின்னு பாருங்க. சைடு பெட்டியோ நம்பர் பிளேட்டோ மறைக்குதுன்னா இப்பவே பிராக்கெட்ட மாத்திடுங்க.

திரும்புன அப்புறம் ஆஃப் பண்ண மறந்துடுறேன்.

பழைய வண்டி நிறையத்துல கார் மாதிரி தானா ஆஃப் ஆகாது. எரிஞ்சுக்கிட்டே இருக்குற இண்டிகேட்டர நம்பி எதிர்ல வர்றவர் குறுக்க எடுத்துடுவார், அது இண்டிகேட்டர் இல்லாதத விட ஆபத்து. மீட்டர்ல இருக்குற குட்டி பல்போட ரெண்டு முனையில ஒரு சின்ன 12 வோல்ட் பஸ்ஸர மாட்டிடுங்க, டயோடு போட்ட வண்டியா இருந்தா பிளஸ் டயோடு பக்கம், மைனஸ் எர்த் பக்கம். ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு சத்தம் வரும். என் வண்டியில போட்டு வச்சிருக்கேன், ஹெல்மெட்டுக்குள்ளயும் கேக்குது.